இஸ்திரிப் பாடம்

சைத்தூன் பீவி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள், இஸ்திரிப் பெட்டியைத் தவிர.

கூனிமேட்டில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் தமீம் அன்சாரியின் டிராவல்ஸ் இருந்தது. முன்னறையில் அவருடைய மேசை, பின்னறையில் வகுப்பு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களை அங்கே உட்காரவைத்து, அந்த ஊர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சைத்தூன் பாடம் நடத்துவாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் டீச்சரான கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. குவைத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள், அவ்வளவுதான். "படிச்ச டீச்சர் எதுக்குங்க? அக்கா வாழ்ந்து பார்த்ததைச் சொன்னாலே பொண்ணுங்களுக்குத் தைரியம் வந்துடும்" என்று தமீம் அன்சாரி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

அந்த வருஷம் வகுப்பில் மூன்று பேர். சுனாமி வந்துபோய் ஆறேழு மாதம் ஆகியும் மரக்காணத்து உப்பளங்களில் பாதி சேறேறிக் கிடந்தன. அங்கே வேலையில்லாமல் போன ரோஸ்லினும் அமராவதியும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாமவள் ஹம்னா, சைத்தூனின் தெருக்காரி. ஹம்னாவின் புருஷன் கரையில் டீக்கடை வைத்திருந்தவன். அலை தூக்கியெறிந்த படகு ஒன்று அவன் காலை நொறுக்கிவிட்டது. இனி அவன் எழுந்து நடந்து, கடை போட்டு, இரண்டு பெண் குழந்தைகளை ஆளாக்குவது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, சைத்தூன் நல்ல டீச்சர். வாக்குவம் கிளீனரைப் பார்த்து ரோஸ்லின் மிரண்டபோது, "ஏன்டி பயப்படுற? அளத்துல உப்பு வார்ற பலகையை எப்படி இழுப்ப? இதையும் அப்படியே இழு. தள்ளாத, இழு" என்றாள். ரோஸ்லின் இழுத்தாள், வந்துவிட்டது. அரபு எண்களை உப்புக் கூடைக்கணக்கில் மண்டையில் ஏற்றினாள். அமராவதி தலையில் இல்லாத கூடையைச் சுமந்தபடி சுவருக்கும் கதவுக்கும் நடந்து வாஹித், இத்னேன், தலாத்தா என்று எண்ணினாள். வீட்டு எஜமானியை அங்கே 'மாமா' என்று கூப்பிடவேண்டும் என்று கேட்ட அன்றைக்கு மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்காது என்று தெரிந்து சைத்தூனே இறங்கிவந்து, "சரி, இங்க மேடம்னே வச்சுக்கங்க" என்றாள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விரலை நீட்டுவாள்.

"திருப்பிச் சொல்லு."

சொல்லவேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. அங்கே யாரும் இரண்டு தடவை சொல்லமாட்டார்கள் என்பாள்.

இஸ்திரிப் பெட்டி மட்டும் மேசைக்கடியில் அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. தமீம் அன்சாரி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த பெட்டி. எப்போது கேட்டாலும் "அது அப்புறம்" என்பாள். ரோஸ்லின் விடாமல் கேட்ட ஒரு நாள், "துணி தேய்க்க ஒரு பொம்பளைக்கு என்ன பாடம் வேண்டிக்கிடக்கு" என்று எரிந்துவிழுந்தாள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை தமீம் அன்சாரி பின்னறைக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், நெற்றியில் தொழுகைத் தழும்பு. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு நல்ல சேதியும் ஒரு வேலையும் வைத்திருந்தார்.

"ஹம்னாவுக்கு விசா வந்துடுச்சு. எந்த வீடுன்னு நெனைக்கிற? சைத்தூனக்கா இருந்த வீடேதான். அக்கா மாதிரி நீயும் நல்லா வருவம்மா."

ஹம்னாவின் முகம் மலர்ந்தது. எழுந்துவந்து சைத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அப்புறம் அக்கா," என்றார் தமீம் அன்சாரி, "நம்ம பொண்ணுங்க இஸ்திரி போடத் தெரியாம துணியைக் கருக்கிடுறாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வருது. நாளைக்கு அந்தப் பாடத்தை முடிச்சிடுங்க. நானும் வந்து பார்க்கிறேன்."

"சரிங்க தம்பி" என்றாள் சைத்தூன். வேறென்ன சொல்ல முடியும்?

அது எப்பேர்ப்பட்ட வீடு என்று அவளுக்கல்லவா தெரியும். வாசலில் இரும்புக் கதவு, உள்ளே இன்னொரு கதவு, மாடியில் துணி தேய்க்கிற சின்ன அறை, அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த அறையில் அவளுடைய முதுகில் நடந்தது என்ன என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் சைத்தூன் குவைத்துக்குப் போனாள், வந்தாள், நன்றாக இருக்கிறாள் என்பதுதான். அவள் கழுத்து ஏறிய ரவிக்கை போடுவதைக்கூட, வெளிநாடு போய்வந்தபின் மார்க்கப் பற்று கூடிவிட்டது என்று மெச்சிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே தமீம் அன்சாரி வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. காயத்தைக் காட்டு என்றும் சொல்லவில்லை. "நடந்தது நடந்துபோச்சுக்கா. நாலு பேருக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் தொழில் போச்சு. உங்க பையன் ஜமீலுக்கு ஒரு வழி பண்றேன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். அவர் பண்ணிய வழி டிரைவர் விசா. அந்த மேடத்தின் தம்பி வீட்டில் கார் ஓட்டுகிற வேலை. ஒரே மகன், தகப்பன் இல்லாத பிள்ளை, ஊரில் வெட்டியாகத் திரிந்தவன். சைத்தூன் தலையாட்டினாள். மகனை யார் கையில் கொடுக்கிறோம் என்று அவன் விமானம் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவனுடைய பாஸ்போர்ட் இப்போது அந்தக் குடும்பத்தின் அலமாரியில் இருக்கிறது. அவள் வாயைத் திறந்தால் அவன் கதி என்ன ஆகும் என்று தமீம் அன்சாரி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அன்று வகுப்பு முடிந்து ஹம்னாவும் அவளும் ஒன்றாக நடந்தார்கள். ரோட்டுக்குக் கிழக்கே சவுக்குத்தோப்பு, அதற்கப்பால் கடல். சுனாமிக்குப் பிறகு யாரும் கடலைப் பார்த்து நடப்பதில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் நடந்தார்கள்.

"மேடம் எப்படிக்கா? கோவக்காரங்களா?"

"கொஞ்சம்."

"எனக்குப் பொறுமை ஜாஸ்தி. நான் சமாளிச்சுடுவேன்." ஹம்னா சிரித்தாள். "பெரியவ கேக்குறா, அந்த வீட்டுல உன்னைப் பாத்துக்க யாரும்மா இருக்காங்கன்னு. நம்ம சைத்தூனம்மா இருந்த வீடுதான்டின்னு சொன்னா நிம்மதியா தூங்கிடுவா."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சைத்தூன் நின்றாள். "ஹம்னா" என்றாள். ஹம்னாவும் நின்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்குப் பின்னால் ஜமீலின் முகம் வந்து நின்றது, பாஸ்போர்ட்டில் ஒட்டிய படத்தில் இருப்பதுபோல விறைத்துக்கொண்டு.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சீக்கிரம் வா."

தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தொழுகை விரிப்பை விரித்தாள். என்ன துவா கேட்பது என்று தெரியவில்லை. ஹம்னாவைக் காப்பாற்று என்று கேட்டால் ஜமீல் நடுவில் வந்தான், ஜமீலைக் காப்பாற்று என்று கேட்டால் ஹம்னா வந்தாள். கடைசியில் எதுவும் கேட்காமலேயே விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

மறுநாள் இஸ்திரிப் பெட்டி மேசைமேல் ஏறியது. ரோஸ்லின் அட்டையைப் பிரித்து வெளியே எடுத்து, "அம்மாடி, என்னா கனம்!" என்றாள். சைத்தூன் மேசைக்கு அந்தப் பக்கம், கதவைப் பார்த்தமாதிரி, சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். முன்னறையில் தமீம் அன்சாரி போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அதுக்கு அங்க பேரு மக்வா" என்று ஆரம்பித்தாள். குரல் சரியாகத்தான் வந்தது. "மொதல்ல நிக்கிற எடம். கதவுக்கு முதுகைக் காட்டி நிக்கக்கூடாது. கதவு எப்பவும் கண்ணுக்கு நேரா இருக்கணும். திருப்பிச் சொல்லு."

"கதவுக்கு முதுகைக் காட்டக்கூடாது" என்றார்கள் மூவரும்.

"வயரு உன் பக்கம் இருக்கணும். பிளக்கு உன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். மேடம் உள்ள வந்தா மொதல்ல பிளக்கைப் பிடுங்கணும். அப்புறந்தான் சலாம்."

அமராவதிக்குச் சந்தேகம் வந்தது. அவள் எதையும் யோசித்துத்தான் ஒத்துக்கொள்வாள். "ஏங்க்கா? பாதித் துணியில பிளக்கைப் பிடுங்கினா சூடு ஆறிப்போயிடாது?"

"ஆறட்டும்."

"அப்புறம் மறுபடி சூடேத்தணுமே."

"ஏத்திக்கலாம். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு."

"மேடம் வந்தா மொதல்ல பிளக்கைப் பிடுங்கணும்." மூவரும் சொன்னார்கள். ஹம்னா மட்டும் சொல்லிமுடித்த பிறகும் சைத்தூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க கோவமா இருந்தா பெட்டியை மேசைமேல வைக்காதீங்க. மேசைக்கடியில, தரையில வச்சிடுங்க. குனிஞ்சு எடுக்கிறதுக்குள்ள…" சைத்தூன் நிறுத்திக்கொண்டாள். இதென்ன, எங்கே போகிறது வாய்? இத்தனை நாள் பெட்டியைத் தொடாமல் இருந்ததே இதற்குப் பயந்துதான். இஸ்திரியை அவள் கற்றுக்கொண்டதே இப்படித்தான். அதை வேறுமாதிரி சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அவசரமாக அடுத்ததற்குத் தாவினாள். "பெட்டியோட அடியில ஏதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா, ஒரு பேப்பர்ல உப்பைத் தூவி, சூடா அது மேல தேய்ச்சா சுத்தமா வந்துடும்."

உப்பு என்றதும் ரோஸ்லினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தியா அமராவதி, அங்க போனாலும் நம்மள விடலை உப்பு! என்னக்கா ஒட்டும் அதுல?"

முன்னறையில் பேச்சு நின்றுவிட்டிருந்தது.

"துணி" என்றாள். "நைலான் துணி."

தமீம் அன்சாரி கதவுக்குள் வந்து நின்றார். பாடத்தைக் கொஞ்சநேரம் ரசித்துப் பார்த்தார். ஹம்னா தன் துப்பட்டாவை மேசைமேல் விரித்து, பெட்டியைச் சூடாக்கி, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றாகத்தான் தேய்த்தாள். சைத்தூன் பக்கத்தில் நின்று துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

"மாஷா அல்லா" என்றார். அன்று அவருக்கு மனசு குளிர்ந்திருந்தது, விளையாட்டு வந்துவிட்டது. "இருங்க, சும்மா பாடம் நடத்தினா எப்படி? ஒரு டெஸ்ட் வைப்போம். இப்ப நான்தான் மேடம்." முன்னால் வந்து ஹம்னாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். வாங்கி, தோளுக்கு மேலே உயர்த்தி, சைத்தூன் பக்கம் திரும்பி, 'இங்கே வா' என்று அரபியில் பொம்பளைக் குரலில் கூவினார். "யா சைத்தூன்! தஆல்!"

அவ்வளவுதான். சைத்தூன் நின்ற இடத்தில் இல்லை. தரையில் முகம் குப்புற, முழங்காலை வயிற்றோடு மடக்கி, இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டு கிடந்தாள். முதுகு மட்டும் வெளியே இருந்தது. அது நடுங்கியது. "லா மாமா, லா மாமா" என்று, வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சுகிற ஒரு சின்னக்குரல் தரையிலிருந்து வந்தது. அது அவளுடைய குரல் என்று நம்ப அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

தமீம் அன்சாரியின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. பெட்டி இன்னும் கையில் இருந்தது, சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஹம்னா மேசையை விட்டு நகர்ந்தாள். சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

அந்தச் சின்னச் சத்தத்தில் சைத்தூனுக்கு நினைவு திரும்பியது. மெதுவாக எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரோஸ்லின் அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள், அப்போது மட்டும் காதுக்குள் கேட்பதுபோல் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டியில என்னக்கா ஒட்டிச்சு?"

"என் தோலு" என்றாள் சைத்தூன். "என்னையே உப்புத் தூவித் தேய்ச்சுக் கழுவச் சொன்னாங்க."

அமராவதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹம்னா பிளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

தமீம் அன்சாரி பெட்டியை மேசைமேல் பக்குவமாக வைத்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அக்காவுக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்கு கிளாஸ் போதும், எல்லாரும் கெளம்புங்க" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. மூன்று பெண்களும் படியிறங்கும்வரை காத்திருந்து, சைத்தூனின் பக்கம் குனிந்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜமீல் போன் பண்ணுவான்ல? பேசுங்க. பேசிட்டு வந்து ஹம்னாகிட்ட நீங்களே சொல்லுங்க, எல்லாம் சும்மா பயத்துல உளறினதுன்னு. நான் இப்ப அங்க ஒரு போன் போட வேண்டியிருக்குது."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் ஹம்னா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள்.

"நான் போகலைன்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

சைத்தூன் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நேத்து ரோட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களே, அப்பக்கூட ஏங்க்கா சொல்லலை? நான் என் புள்ளைங்களை விட்டுட்டு அந்த ரூமுக்குள்ள போய் நின்னிருப்பேனேக்கா!" கோபத்தில் ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

"ஜமீல் அவங்ககிட்டதான் இருக்கிறான்" என்றாள் சைத்தூன்.

ஹம்னாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் போகமாட்டேன் என்று சொன்னதன் விலை யார் தலையில் விழப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை ஹம்னா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் சிங்காரத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு ஜமீலின் போன் வரும். அன்று சைத்தூன் போனபோது ஹம்னா கூடவே வந்தாள். ரோஸ்லினும் அமராவதியும் பூத் வாசலில் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். யாரும் வரச்சொல்லி வந்தவர்கள் இல்லை. சிங்காரம் நாற்காலியை எடுத்துப்போட்டார். சைத்தூன் உட்காரவில்லை. வழக்கமான நேரம் தாண்டிப்போனது. பாண்டிச்சேரி பஸ் ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. போன் அடிக்கவில்லை. அடிக்கவேண்டும் என்றும் பயம், அடித்துவிடுமோ என்றும் பயம்.

போன் அடித்தது. அவளால் எடுக்க முடியவில்லை.

"எடுங்கக்கா" என்றாள் ஹம்னா.

எடுத்தாள். மறுமுனையில் ஜமீல் கிசுகிசுப்பாகப் பேசினான். சமையல்காரரின் போனை வாங்கிப் பேசுகிறானாம். "அம்மா, என்னம்மா பண்ணின நீ? நேத்து ராத்திரி கார் சாவியைப் புடுங்கிட்டாங்க. ரூமை விட்டு வெளிய போகாதேன்னுட்டாங்க. வீட்டுல ஒரு செயின் காணோமாம், நான்தான் எடுத்தேனாம். நாளைக்கு போலீசைக் கூப்பிடுவாங்களாம். நான் எதையும் தொடலைம்மா. எனக்குப் பயமா இருக்குதும்மா."

சைத்தூன் சுவரில் கையூன்றிக்கொண்டாள். நினைத்துப் பயந்தது எல்லாம் அப்படியே வந்து நின்றது. ஓவென்று அழலாம், உன்னைக் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம், தமீம் அன்சாரியின் காலில் போய் விழலாம். காலில் விழுந்தால் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் திரும்பினாள். ஹம்னா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், நேற்று பிளக்கைப் பிடித்திருந்தமாதிரி கையை இறுக்கி மூடிக்கொண்டு.

அப்போதுதான் சைத்தூனுக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் பட்டதை மட்டும்தான் அவள் இத்தனை நாள் நினைத்து நினைத்துச் செத்தாள். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவளும் அவள்தானே. எப்படி வெளியே வந்தாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. ஏஜென்ட் டிக்கெட் போட்டு அனுப்பியதாகத்தான் ஊரில் பேச்சு.

"ஜமீல்" என்றாள். பின்னறையில் பாடம் நடத்துகிற குரல் வந்தது. "அழாத. நான் சொல்றதைக் கேளு. உங்க ரூம் கேட்டுக்குப் பக்கத்துலதானே? கேட்டுல காவல்காரன் இருக்கிறானா?"

"இருக்கிறான்மா."

"ஜும்மா தொழுகைக்குப் போவான்ல?"

"போவான். எல்லா ஆம்பளைங்களும் போவாங்க."

"அதான் நேரம். அதுக்கு இன்னும் டைம் இருக்குது, அவசரப்படாத. பையை எடுக்காத. துணியை எடுக்காத. பை வச்சிருந்தா எங்க போறேன்னு கேப்பாங்க. சமையல்கட்டுல போய்க் குப்பைக் கவரை எடுத்துக்க. குப்பை கொட்டப் போறவனை அந்த ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. நான் அப்படித்தான் வந்தேன்."

"நீயா?"

"நான்தான். கவரைத் தொட்டியில போடு. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காத. ஓடவும் ஓடாத, நட. பள்ளிவாசல் இருக்கிற பக்கம் போகாத, பெரிய ரோட்டுப் பக்கம் போ. முதல்ல வர்ற டாக்சியில ஏறு. 'சஃபாரா ஹிந்தியா'ன்னு சொல்லு. நம்ம எம்பசிக்கு அதான் பேரு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும், பரவாயில்லை. கேட்டுல இருக்கிறவங்க போன்னு சொன்னாலும் போகாத, வாசல்லயே உக்காந்துடு. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். உனக்கு முன்னாடி அங்க யாராச்சும் உக்காந்திருப்பாங்க, அவங்க பக்கத்துல போய் உக்காரு. உள்ள கூப்பிட்டதும் திருட்டுப்பழி போடுறாங்கன்னு மொதல்ல நீயே சொல்லிடு. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லணும்."

"பாஸ்போர்ட்டும்மா?"

"எனக்கும்தான் பாஸ்போர்ட் இல்ல. நான் வந்து சேரலையா?"

சிங்காரம் வாடிக்கையாளர் ஒருவரை வெளியிலேயே கையமர்த்தி நிறுத்தினார். அமராவதியின் உதடுகள் அசைந்தன. கேட்டதை எல்லாம் அவள் தனக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தாள். சைத்தூனின் ரவிக்கை முதுகில் வியர்த்து ஒட்டியது, அந்த இடம் எரிந்தது. குரல் மட்டும் நடுங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போதும் பயம்தான், உயிரே போகிற பயம்.

"அம்மா, எனக்கு எல்லாம் குழம்புதும்மா. மறந்துடுவேன்."

"மறக்க மாட்ட."

சைத்தூன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் எதிரில் நிற்பதைப்போல் விரலை நீட்டினாள்.

"திருப்பிச் சொல்லு."